மெல்லப் போகும் உரிமை



சென்ற கிழமை கூட்டம் முடிந்து மேடையை விட்டு இறங்கினேன். நள்ளிரவு நெருங்கிவிட்டது. ஒலிபெருக்கிக்காரர் குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தார். அப்போது நம் கிளைத் தோழன் ஒருவன் என் கையில் ஓர் ஏட்டைத் திணித்தான். சுற்றுலா நிறுவனம் ஒன்றில் எழுத்தர் வேலை பார்க்கும் இளைஞன் அவன். பளபளக்கும் தாள், பக்கத்துக்குப் பக்கம் வண்ணப் படங்கள். "அண்ணே! படித்துப் பாருங்கள். அடுத்த கூட்டத்தில் வெளுத்து வாங்க நல்ல சரக்கு!" என்றான்.

ஊர் திரும்பும் வழியெல்லாம் படித்தேன். வெளுத்து வாங்கத்தான் எண்ணினேன். ஏன் அப்படிச் செய்யவில்லை என்பதைத்தான் இன்று உன்னிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

ஏடு சொல்லும் செய்தி இது. பிரெஞ்சு நாட்டின் தென்பகுதியில் ஒரு கால்வாய். அதில் ஒரு படகு. படகா அது? மிதக்கும் மாளிகை! அதன் வயிற்றிலே நான்கைந்து பள்ளியறைகள், மேல்தளத்திலே சாய்வு நாற்காலிகள், சிறிதாக ஒரு நீராடு தொட்டி. விருந்தினர் எட்டுப் பேர் என்றால் அவர்களுக்குப் பணிபுரிய நால்வர். சமைக்க ஒருவர், செலுத்த ஒருவர், வழிகாட்ட ஒருவர், கயிறு எறியவும் கட்டில் விரிக்கவும் ஒருவர். காலையில் சுடச்சுட ரொட்டி. நண்பகலில் ஒரு மது. இரவில் வேறொரு மது. ஆறு இரவுக்கு ஆளொன்றுக்கு ஐயாயிரம் டாலருக்கு மேல். நம் பணத்தில் நான்கு இலட்சத்தைத் தாண்டிவிடும்.

இவ்வளவு கொட்டிக் கொடுத்தவரை அந்தப் படகு எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது? எங்குமே சேர்க்கவில்லை, தோழனே! மணிக்கு எட்டுக் கிலோமீட்டருக்கு மேல் அங்கே போகக்கூடாது. வேகம் மிகுந்தால் அலை எழும்பிக் கரையை அரிக்கும். ஒரு வாரம் முழுதும் மிதந்தாலும் நூறு கிலோமீட்டர் தேறாது. சென்னையில் புறப்பட்டவன் திண்டிவனம் வந்து சேரமாட்டான். கரையில் நடப்பவன் கைவீசிக்கொண்டே முந்திப் போகலாம். அந்த மெத்தனத்துக்குத்தான் விலை! 'மெல்லப் பயணம்' என்று அதற்கொரு கொள்கைப் பெயரும் சூட்டியிருக்கிறார்கள்.

எள்ளி நகையாட இதைவிட வேறு என்ன வேண்டும்? ஆனால், இந்தக் கால்வாய் யார் வெட்டியது என்று தேடப் புகுந்தேன். நகைப்பு நின்றுவிட்டது.

கால்வாயின் பெயர் 'கனால் து மிடி'. பிரெஞ்சு மொழியில் மிடி என்றால் தெற்கு. தமிழில் மிடி என்றால் வறுமை. இரண்டு பொருளும் அந்தக் கால்வாய்க்குப் பொருந்தும் என்பதை மேலே படித்தால் நீயே காண்பாய். துலூசு நகரிலிருந்து நடுநிலக் கடலோரத்துத் தோ ஏரி வரை 240 கிலோமீட்டர். பதினான்காம் லூயி மன்னன் 1666இல் ஆணை பிறப்பித்தான், 1681இல் திறந்தார்கள். முன்னின்று முடித்தவர் பியேர் போல் ரிக்கே. அவர் பொறியியல் படித்தவரல்லர். உப்பு வரி தண்டும் குத்தகைக்காரர்! உப்பு வரி என்றதும் வேதாரண்யம் நினைவுக்கு வருகிறதா? வரட்டும். அந்த உப்பு வரியை எதிர்த்து உரூசிலோன் மலைநாட்டு மக்கள் 1667இல் ஆயுதம் ஏந்தி எழுந்தார்கள், ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். ஏழையின் கஞ்சியில் எடுத்த உப்பு, கால்வாயிலே கல்லாகவும் சுண்ணமாகவும் கரைந்தது.

வேலை உச்சத்திலிருந்தபோது களத்தில் நின்றவர்கள் பன்னிரண்டாயிரம் பேர். ஆண்கள் மட்டுமல்லர், பெண்களும் மண் சுமந்தார்கள். பிரனீசு மலைச் சிற்றூர்களின் பெண்கள் நீரை மலைச்சரிவில் திருப்பிக் கொணரும் நுட்பத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கைவரப் பெற்றிருந்தவர்கள். கால்வாயின் நுட்பத்தில் அவர்களுடைய அறிவும் கலந்திருக்கிறது என்று சந்திரா முகர்ஜி என்னும் அமெரிக்கச் சமூகவியலார் 2009இல் ஒரு நூலே எழுதியிருக்கிறார். பெசியே நகரில் ரிக்கேவுக்குச் சிலை இருக்கிறது. கூடை சுமந்தவளின் பெயரோ ஊரோ நமக்கு வந்து சேரவில்லை.

நடுநிலை தவறக்கூடாது, ஆகவே இதையும் சொல்லிவிடுகிறேன். அந்த ரிக்கே தன் ஆட்களுக்குத் திங்கள் ஊதியம் தந்தார். மழை நாளுக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் திருநாளுக்கும் நோயில் படுத்த நாளுக்கும் பிடித்தம் இல்லை. பதினேழாம் நூற்றாண்டில்! அருள் உள்ளம் மட்டும் என்று எண்ணிவிடாதே. அறுவடைக் காலத்தில் ஆட்கள் வயலுக்கு ஓடிவிடாமல் கட்டிவைக்க அதுவே வழி. காரணம் எதுவாயினும் ஆகுக. மழைக்காகக் கூலி பிடிக்காத அந்தக் கணக்கை இன்றைய ஒப்பந்தக்காரர்கள் பலருக்கு நாம் படித்துக் காட்டலாம். ரிக்கே 1680 அக்டோபரில், கால்வாய் முடிய ஏழெட்டுத் திங்கள் இருக்கையில், கடனோடு கண்மூடினார்.

வேலையோ வியப்புக்குரியது. கால்வாய் ஒரு மேட்டைக் கடக்க வேண்டும். மேட்டின் உச்சிக்கு நீர் எங்கிருந்து வரும்? கருமலைத் தொடரில் சேன் பெரியோல் என்னுமிடத்தில் அணை கட்டி, அந்த நீரை நோரூசு மேட்டுக்குக் கொணர்ந்து, அங்கிருந்து இரு பக்கமும் பிரித்துவிட்டார்கள். பெசியே அருகே படகு மாடிப்படி ஏறுகிறது, தோழனே! அடுத்தடுத்து எட்டு நீர் அறைகள், ஒன்பது கதவுகள். ஓர் அறையில் படகு நுழையும், கதவு மூடும், நீர் நிறையும், படகு உயரும், அடுத்த கதவு திறக்கும். இப்படி 21 மீட்டருக்கு மேல் ஏறும்படி அன்று அதைக் கட்டினார்கள். விருந்தினர் கையில் கிண்ணம் ஏந்தி இதை வேடிக்கை பார்க்கிறார்கள். வேடிக்கை பார்க்கத்தக்கதுதான்.

கால்வாய் முடிந்தது, உழைப்பு முடிந்ததா? மூன்று நூற்றாண்டுகள் கோதுமையும் மதுவும் அதில் போய்வந்தன. இழுத்தவை குதிரைகள். குதிரை வைத்துக்கொள்ள வக்கில்லாதவன் என்ன செய்தான்? பிரெஞ்சு நாட்டின் பிற கால்வாய்களில், இருபதாம் நூற்றாண்டு பிறந்த பிறகும், ஆளே படகை இழுத்த காட்சி உண்டு. நெஞ்சிலே அகன்ற பட்டை, பட்டையிலே கயிறு, கயிற்றின் மறுமுனையிலே சரக்குப் படகு. கணவன் இழுப்பான், மனைவி இழுப்பாள், பிள்ளையும் கூட நின்று இழுக்கும். உடல் முன்னோக்கிச் சாய்ந்து, தரையைப் பார்த்தபடி, அடிமேல் அடி வைத்து நடப்பார்கள். அதுவும் மெல்லப் பயணம்தான்! அதற்கு யாரும் கொள்கைப் பெயர் சூட்டவில்லை.

நாடகக்காரன் அல்லவா நான்? என் கண் மேடை அமைப்பைத்தான் பார்க்கிறது. அந்நாளில் படகின் பெரும்பகுதி சரக்குக்கு. பின்பக்கத்து மூலையிலே ஒரு சிற்றறை. அதிலேதான் குடும்பம் சமைத்தது, உறங்கியது, பிள்ளை பெற்றது. 1934இல் ழான் விகோ என்ற இளைஞர் எடுத்த 'அட்லாந்து' படத்தைப் பார்த்திருந்தால் உனக்குப் புரியும். மணக்கோலத்தோடு படகேறிய பெண்ணொருத்தி, அந்த இடுக்கிலே மூச்சு முட்டிப் பாரிசைக் காணத் தவிக்கும் கதை. இன்று அதே காட்சி அமைப்பைத் தலைகீழாக்கியிருக்கிறார்கள். உல்லாசப் படகுகளில் பல, பழைய சரக்குப் படகுகளே. கரியும் தானியமும் கொட்டிவைத்த கிடங்கிலே கம்பளம் விரித்து, பளிங்குக் குளியலறை கட்டி, கட்டில் போட்டுவிட்டார்கள். மூட்டை இருந்த இடத்தில் முதலாளி படுத்திருக்கிறார்!

வரலாற்றின் குறும்பு இன்னும் இருக்கிறது. 1857இல் அதே வழித்தடத்தில் இருப்புப்பாதை வந்தது. மறு ஆண்டே, போட்டிக்கு நின்ற அந்த இரயில் கம்பெனியிடமே கால்வாயைக் குத்தகைக்கு விட்டார்கள். ஆட்டுக்குட்டியை ஓநாயிடம் காவலுக்கு வைத்த கதை! நாற்பது ஆண்டு கழித்து அரசு திரும்பப் பெற்றபோது வாணிகம் நலிந்து கிடந்தது. 1980களில் சரக்குப் போக்குவரத்து அடியோடு நின்றது. காரணம் கேட்டால் ஒரே சொல்: மெதுவாகப் போகிறது!

கூர்ந்து பார், தோழனே. மெதுவாகப் போகிறது என்று உழைப்பாளியின் படகைக் கரையேற்றினார்கள். மெதுவாகப் போகிறது என்பதற்காகவே அதே படகில் சீமான் ஏறுகிறார். முன்பு மன்னன் குதிரையில் பறந்தான், ஏழை நடந்தான். இன்று ஏழை பறக்கிறான். முதுகிலே பெட்டி, கையிலே கைப்பேசி, நிமிடக் கணக்கிலே கெடு. சிவப்பு விளக்கைக்கூட மதிக்க முடியாமல் இருசக்கர வண்டியில் பிறர் வீட்டுச் சோற்றைச் சுமந்து பறக்கிறான். அவனை ஓட விட்டவர் ஓய்வை விலைக்கு வாங்கிக்கொண்டு கால்வாயில் மிதக்கிறார். வேகம் கூலிக்காரனுக்குச் சுமையாயிற்று. மெத்தனம் பணக்காரருக்கு உடைமையாயிற்று.

"அப்படியானால் அந்த உல்லாசப் படகுகளை நிறுத்தச் சொல்ல வேண்டியதுதானே அண்ணே?" என்று நீ கேட்பாய். கேட்காதே! அங்கேதான் நம் தோழர்கள் பலர் வழுக்கி விழுகிறார்கள். ஒருவன் அமைதியாக உட்கார்ந்து ஆற்றைப் பார்ப்பது குற்றமன்று. கதவு திறக்கும் வரை காத்திருப்பதும், கரையோர மரத்தின் நிழல் நீரிலே நடுங்குவதைக் காண்பதும் மனிதனுக்கு வேண்டிய இன்பங்கள். சீமான் சுவைக்கிறார் என்பதற்காக மாம்பழம் புளித்துவிடுமா? கேள்வி வேறு. அந்த அமைதி நான்கு இலட்ச ரூபாய்க்கு ஏன் விற்கிறது? மற்றவனுக்கு ஏன் கிட்டவில்லை?

பிரெஞ்சுத் தொழிலாளர் இதைக் கேட்டார்கள். 1936இல், இலெயோன் பிளம் தலைமையில் மக்கள் முன்னணி ஆட்சி அமைந்த நேரத்தில், நாடெங்கும் வேலைநிறுத்தம் செய்து கேட்டார்கள். ஊதியத்தோடு ஆண்டுக்கு இரண்டு வார விடுமுறையும், கிழமைக்கு நாற்பது மணி நேர வேலையும் சட்டமாயின. ஆலைத் தொழிலாளி அந்தக் கோடையில் துணைவியோடு இருவர் மிதிக்கும் சைக்கிளில் ஏறிக் கடல் பார்க்கப் போனான். வாழ்நாளில் முதன்முறை கடல் கண்டவர்கள் அவர்களில் எத்தனையோ பேர்.

தெற்குக் கால்வாய் இன்றும் பொதுச் சொத்து. கதவுகளைக் காப்பதும் கரையைக் கட்டுவதும் அரசு அமைப்பின் கடமை. 1996இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. கரையோரம் நின்ற நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட பிளேன் மரங்களை ஒரு பூஞ்சை நோய் பிடித்தது. 2006இல் அது தெரிந்தது. ஆயிரக்கணக்கில் வெட்டி எரித்துவிட்டு, வேறு மரங்கள் நட்டு வருகிறார்கள். கால்வாயைச் சாக விடக்கூடாது என்று முடிவு கட்டிய நாடு அது.

நம் கால்வாய்?

1877, 78ஆம் ஆண்டுகளில் தாதுப் பஞ்சம் தமிழ்நிலத்தைத் தின்றபோது, எலும்பும் தோலுமாய் வந்த மக்களைக் கொண்டு சென்னையின் கால்வாயை நீட்டி இணைத்தார்கள். பஞ்சக் கூலியை நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசுமாகக் குறைக்க வெள்ளை அரசு துணிந்த காலம் அது. வெட்டிய கைகள் மறைந்தன; ஆளுநரின் பெயர் நிலைத்தது. பக்கிங்ஹாம் கால்வாய்! ஆந்திரக் கரையிலிருந்து மரக்காணம் வரை ஏறத்தாழ 420 கிலோமீட்டர். உப்பும் விறகும் அதில் மிதந்து சென்னைக்கு வந்தன. புரட்சிக் கவிஞர் தோழர்களோடு தோணியேறி அதன் வழியே மாமல்லபுரம் சென்றார். 'மாவலிபுரச் செலவு' என்று அதைப் பாட்டாக்கினார். நிலவை மட்டும் பாடிவிட்டு இறங்கிவிடவில்லை அவர். தோணியை நகர்த்திய தொழிலாளியின் பாட்டையும் கண்டு பாடினார். உல்லாசப் பயணத்தில் உட்கார்ந்தபடியே உழைப்பைப் பார்க்கத் தெரிந்த கண் அது.

1965, 66ஆம் ஆண்டுப் புயல்கள் அந்தக் கால்வாயைச் சிதைத்தன. பிறகு நாம் சிதைத்தோம். யார் ஆட்சியில், யார் கையெழுத்தில் என்று பங்கு பிரிக்க நான் வரவில்லை. நம் பங்கும் அதில் உண்டு. கழிவு நீரை விட்டோம். பறக்கும் இரயிலின் தூண்களைக் கால்வாயின் நடுவிலேயே ஊன்றினோம். 2008இல் தேசிய நீர்வழி 4 என்று ஒன்றிய அரசு அதற்குப் பட்டம் சூட்டியது. மயிலாப்பூர்ப் பாலத்தின் மேல் நின்று மூக்கைப் பிடிக்காமல் அந்தப் பட்டத்தைப் படிக்க முடியுமா?

அதைத் தூய்மை செய்யும் திட்டங்கள் பேசப்படும்போதெல்லாம் கரையோரக் குடிசைவாழ் மக்களை நகருக்கு வெளியே தூக்கி எறியும் பேச்சும் கூடவே வருகிறது. இங்கேதான் நம் தோழர்கள் விழித்திருக்க வேண்டும். கால்வாய் தெளிந்து, கரையிலே நிழல் மரம் வளர்ந்து, ஒரு நாள் படகும் ஓடுமானால், அந்தக் கரையில் மாலை நேரத்தில் உட்காரும் உரிமை முதலில் யாருக்கு? நாற்றத்தோடு அறுபது ஆண்டு குடியிருந்தவனுக்கா, மணம் வந்த பிறகு மாடி வீடு வாங்க வருபவருக்கா? திட்டத்தின் முதற்பக்கத்திலேயே இதற்கு விடை எழுதப்பட வேண்டும் என்று கேள். கிளைக் கூட்டத்தில் கேள், வட்டத்தில் கேள், மாநாட்டில் தீர்மானமாகக் கொண்டுவா.

உட்காரும் உரிமை என்றால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நாள் முழுதும் நின்றே துணி எடுத்துக் காட்டும் கடைப் பெண்ணுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. அந்தச் சட்டம் நம் ஊர்க் கடைத்தெருவில் நடைமுறையில் இருக்கிறதா என்று இந்த வாரம் ஒரு சுற்று போய்ப் பார். கடை கடையாக முக்காலிகளை எண்ணி எனக்கு எழுது.

ஏட்டை அந்த இளைஞனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். கொடுக்குமுன் அட்டைப் படத்தை ஒருமுறை அவனுக்குக் காட்டினேன். நடுவிலே உல்லாசப் படகு. மேல்தளத்தில் கிண்ணம் ஏந்திய இருவர். படத்தின் ஓரத்தில், குதிரைகள் நடந்து தேய்ந்த அந்தக் கரைப் பாதையில், உள்ளூர்க்காரர் ஒருவர் பின்னிருக்கையில் குழந்தையை வைத்துச் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். கால் ஊன்றி நின்று, குழந்தைக்குப் படகைக் காட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பாதையில் போவதற்குக் கட்டணம் இல்லை.