மறுவாழ்வு உரிமை. ஜெர்சி உரிமை இல்லை.

1/
"தப்பு பண்ணான், உள்ள போனான். தண்டனை முடிஞ்சா ஆட விட வேண்டியதுதானே டாக்டர்? ஒருத்தன் திருந்தவே கூடாதா?"
பிரேசில் கால்பந்து வீரர் ராபினோ பற்றிப் பேச்சு வந்தாலே இந்தக் கேள்வியும் வந்துடும். நியாயமான கேள்விதான். கொஞ்சம் நீளமாவே பதில் சொல்றேன், பொறுமையா படிங்க.

2/
விவரம் தெரியாதவங்களுக்காக முதல்ல நடந்ததைச் சொல்லிடறேன்.
சான்டோஸ் கிளப்பில் வளர்ந்தவர் ராபினோ. ரியல் மாட்ரிட், மான்செஸ்டர் சிட்டி, ஏசி மிலன் என்று பெரிய அணிகளில் ஆடியவர். பந்துக்கு மேல காலைச் சுழற்றி எதிராளியை ஏமாத்துற அந்த ஆட்டத்துக்கு நம்ம ஊர்லயும் ரசிகர்கள் உண்டு.

3/
2013 ஜனவரி, இத்தாலியின் மிலன் நகரில் ஒரு இரவு விடுதி. போதையில், எதிர்க்கும் நிலையிலேயே இல்லாத ஒரு இளம்பெண்ணை ராபினோவும் இன்னும் சிலரும் சேர்ந்து பலாத்காரம் செய்தார்கள் என்பது வழக்கு.
2017இல் மிலன் நீதிமன்றம் 9 ஆண்டு சிறை விதித்தது. 2020 டிசம்பரில் மேல்முறையீட்டிலும் அதே தீர்ப்பு. 2022 ஜனவரியில் இத்தாலியின் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது.
சம்மதத்தோடு நடந்தது என்பது அவர் வாதம். மூன்று நீதிமன்றங்களும் அதை ஏற்கவில்லை.

4/
முதல் தீர்ப்புக்கு அப்புறமும் அவர் ஆட்டம் நிக்கல. துருக்கிக்குப் போய் ஆடினார். 2020 அக்டோபரில் சான்டோஸ் கிளப் அவரைத் திரும்பக் கூப்பிட்டது. "மேல்முறையீடு பாக்கி இருக்கே, இன்னொரு வாய்ப்பு கொடுக்கலாமே" என்று ஒரு தரப்பு.
அப்போதான் இத்தாலி போலீஸ் பதிவு செய்த தொலைபேசி உரையாடல்கள் பத்திரிகையில் வெளிவந்தன. அந்தப் பெண் முழு போதையில் இருந்ததைச் சொல்லிச் சிரிக்கிறார் மனுஷன். ஸ்பான்சர்கள் நெருக்கினார்கள். ஒரே வாரத்தில் ஒப்பந்தம் நிறுத்தி வைக்கப்பட்டது.
கவனிங்க. கிளப்பை அசைத்தது தீர்ப்பு இல்ல, விளம்பரப் பணம்.

5/
பிறப்பால் பிரேசில் குடிமகனாக இருப்பவரை வேறு நாட்டிடம் ஒப்படைக்க அந்த நாட்டு அரசியல் சட்டம் இடம் தராது. அதனால் தீர்ப்பு இறுதியான பிறகும் இரண்டு வருஷம் வெளியேதான் இருந்தார். 2024 மார்ச்சில், தண்டனையை பிரேசிலிலேயே அனுபவிக்க வேண்டும் என்று 9க்கு 2 என்ற கணக்கில் அங்குள்ள உயர் நீதிமன்றம் சொன்னது. மறுநாளே கைது.
சம்பவம் நடந்து 11 வருஷம் கழித்து!

6/
இப்போ ஒரு டாக்டரா சொல்ல வேண்டியது. "போதையில இருந்தா என்ன, வேண்டாம்னு சொல்லலையே" என்று எழுதுறவங்க இதைப் படிங்க.
மது அளவு மீறும்போது மூளையில் புது நினைவுகளைப் பதிய வைக்கும் பகுதி வேலை செய்யாமல் போகும். ஆள் நடப்பாங்க, பேசுவாங்க. மறுநாள் ஒண்ணுமே நினைவிருக்காது. இன்னும் மீறினால் கை காலை அசைக்கவே முடியாது. அந்த நிலையில் இருக்கிறவரிடம் சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. நம்ம நாட்டுச் சட்டமும் அதைத்தான் சொல்லுது.

7/
"உடம்புல காயம் இல்லையே" என்பது அடுத்த வாதம். காயம் இல்லாததால் சம்மதம் என்று ஆகாது. பயத்தில் உடம்பு உறைந்து போவது மருத்துவத்தில் நன்கு தெரிந்த ஒன்று. பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களைப் பரிசோதிக்கும் எங்களுக்கு மத்திய சுகாதாரத் துறை 2014இல் தந்த வழிகாட்டுதலிலும் இது இருக்கு.

8/
சரி, திருந்த வாய்ப்பு?
கண்டிப்பா வேணும். பிரேசில் சட்டத்திலேயே அது இருக்கு. சிறையில் 3 நாள் வேலை செய்தால் தண்டனையில் 1 நாள் குறையும். படித்தாலும் குறையும். இது நல்ல ஏற்பாடு. வெளியே வருகிறவருக்கு வேலை, வீடு, குடும்பம் இருந்தால்தான் அவர் மறுபடி தப்பு செய்யும் வாய்ப்பு குறையும். "சுட்டுத் தள்ளுங்க" என்கிற கூட்டத்தில் நான் இல்லை.

9/
ஆனா மறுவாழ்வுக்கு முதல் படி ஒண்ணு இருக்கு. போதை மறுவாழ்வு வார்டில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. "எனக்குப் பிரச்சினையே இல்ல சார், வீட்டுல சும்மா கொண்டு வந்து விட்டுட்டாங்க" என்கிறவரை வைத்துக்கொண்டு சிகிச்சை ஒரு அடி நகராது.
2020இல் ராபினோ பேட்டி கொடுத்தார். தான் செய்த தவறு மனைவிக்குத் துரோகம் செய்தது மட்டும்தான் என்றார். பாதிக்கப்பட்ட பெண் அந்தக் கணக்கிலேயே இல்லை. அப்புறம் எதிலிருந்து திருந்துவது?

10/
அடுத்து, ஜெர்சி.
நான் இப்படி ஒரு குற்றத்துக்குத் தண்டனை பெற்றால் மருத்துவக் கவுன்சில் பதிவேட்டிலிருந்து என் பெயரை நீக்கலாம். வெளியே வந்து நான் கடை வைக்கலாம், விவசாயம் பார்க்கலாம். ஆனால் ஒரு நோயாளி கதவைச் சாத்திக்கொண்டு என்னை நம்பி உட்காரும் அந்த நாற்காலியை உரிமை என்று கேட்க முடியாது. இதை யாரும் கொடுமை என்று சொல்ல மாட்டீங்க.
கால்பந்தில் அப்படி ஒரு பதிவேடு இல்லை. கிளப் நினைத்தால் போதும்.

11/
"அவன் கால்தானே ஆடுது, குணமா ஆடுது?" என்று கேட்கலாம்.
ஒரு கிளப் காலை மட்டும் வாங்குவதில்லை. முதுகில் பெயர் போட்டு விற்கிறது. பத்து வயசுப் பையன் அதைப் போட்டுக்கிட்டு பள்ளிக்கூடத்துக்குப் போறான். கோல் அடிச்சா ஆயிரக்கணக்கான பேர் அந்தப் பெயரைக் கத்துறாங்க. அந்தச் சத்தத்தை அந்தப் பெண்ணும் கேட்கணும். பிழைக்க ஒரு தொழில் வேறு, இந்தக் கொண்டாட்டம் வேறு.

12/
இந்த விவாதம் முழுக்க "அவரோட எதிர்காலம்", "அவரோட திறமை", "அவரோட குடும்பம்". அந்தப் பெண்ணோட மறுவாழ்வு பற்றி எத்தனை பேர் கேட்டோம்?
தூக்கம் வராது, கூட்டம் என்றால் பயம், வேலையில் கவனம் நிக்காது. வருஷக்கணக்கில் தொடரலாம். அவர் மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்த அதே வருஷங்களில் இவர் தீர்ப்புக்காகக் காத்திருந்தார். 9 ஆண்டு தண்டனை முடியும் தேதி அவருக்கு உண்டு. இவருக்கு அப்படி ஒரு தேதி கிடையாது.

13/
ஆக, என் பதில் இதுதான். தண்டனை முடிந்து ராபினோ வெளியே வரட்டும். வேலை செய்யட்டும். யாரும் கல் எறிய வேண்டாம். பந்து ஆசை விடலையா? தெருவில், நண்பர்களோடு ஆடட்டும். ஆனா கிளப், கேமரா, கைதட்டல் எல்லாம் நாம கொடுக்கிறது. கொடுக்க மாட்டோம் என்று சொல்ல நமக்கு உரிமை இருக்கு.

14/
மாற்றுக் கருத்து இருந்தா தாராளமா எழுதுங்க. ஆனா அந்தப் பெண் யார் என்று தேடிப் போடாதீங்க. நம்ம நாட்டு வழக்குகளில் பாதிக்கப்பட்டவர் அடையாளத்தை வெளியிடுவது குற்றம்.
கடைசியா ஒண்ணு. உங்களுக்கோ தெரிஞ்சவங்களுக்கோ இப்படி நடந்திருந்தா எந்த ஆஸ்பத்திரிக்கும் போகலாம். தனியார் ஆஸ்பத்திரியும் இலவசமா உடனே சிகிச்சை தரணும். எஃப்ஐஆர் இருந்தால்தான் பார்ப்போம் என்று சொல்லக் கூடாது. எச்ஐவி தடுப்பு மருந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்கணும், அதனால தாமதிக்காதீங்க. பெண்கள் உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098.