சேறும் செருக்கும்

மோட்டார் வாகனம் வைத்திருப்போரிடையேயும் ஒருவகைச் சாதிப் பிரிவு உண்டு. நான்கு சக்கரங்களாலும் உந்தப்பட்டு மேடு பள்ளம் பாராது செல்லும் முரட்டு வண்டியின் சொந்தக்காரர், தோலிருக்கையும் குளிரூட்டியும் பூண்ட ஆடம்பர வண்டிக்காரரைச் சேறு காணாதவர் என்று இகழ்வர். மற்றவரோ அவரைப் பட்டிக்காட்டார் என எண்ணிப் புன்முறுவலோடு கடந்து செல்வர். இரு பகுதியாரும் வரலாற்றையே சாட்சிக்கு அழைக்கின்றனர். அச்சாட்சி இருவருக்கும் பாதகமானது என்பதே எமது கருத்து.

இரண்டாம் உலகப் போர் ஓய்ந்த பின்னர், இங்கிலாந்தின் றோவர் கம்பெனியின் தலைமைப் பொறியியலாளராயிருந்த மோறிஸ் வில்க்ஸ் என்பார், ஆங்கிள்சீத் தீவிலுள்ள தமது நிலத்தில் இராணுவம் கழித்துவிட்ட ஜீப் ஒன்றை ஓட்டி வந்தார். அது ஓய்ந்துபோனால் அதனிடத்தில் எதை வாங்குவது என்ற கேள்வியிலிருந்தே லாண்ட் றோவர் பிறந்தது. 1948ஆம் ஆண்டு ஏப்பிரல் 30ஆம் நாள் அம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது உலகின் முன் வைக்கப்பட்டது. அதன் உடல் அலுமினியக் கலவையாலானது. உருக்கு அப்போது பங்கீட்டுப் பொருள். எஞ்சினின் வலுவை வெளியே எடுத்துப் பண்ணை யந்திரங்களை இயக்கவும் வழி செய்திருந்தனர். இன்று எதைக் கண்டு அன்பர்கள் கலப்பற்ற அழகென்று உருகுகின்றனரோ, அது தட்டுப்பாடு வரைந்த வடிவமேயாகும்.

மறுபக்கத்தையும் பார்ப்போம். 1970இல் வெளிவந்த றேஞ் றோவர், பிறக்கும்போதே சீமானாகப் பிறக்கவில்லை. அதற்கு இருந்தவை பிளாஸ்டிக் இருக்கைகளும், குழாய்த் தண்ணீரை அடித்துக் கழுவக்கூடிய உட்தளமுமே. 1971-72இல் பிரித்தானிய இராணுவத்தினர் இரண்டு றேஞ் றோவர்களில் அலாஸ்காவிலிருந்து தென்னமெரிக்காவின் தென்கோடிவரை சென்றனர். பனாமாவுக்கும் கொலம்பியாவுக்கும் இடையே பாதையே இல்லாத டேரியன் காட்டில் அவற்றின் அச்சுப் பற்சக்கரங்கள் உடைந்தன. பழைய லாண்ட் றோவர் ஒன்றைப் பனாமாவில் விலைக்கு வாங்கி வழிகாட்ட முன்னே விட்டனர். முரட்டுக் கட்சியார் இக்கதையை இதனோடு நிறுத்திவிடுவர். இரு றேஞ் றோவர்களும் எல்லையை அடைந்ததைச் சொல்லார்!

பின்னரே கம்பளமும் தோலும் வந்தன. 1981இல் 'வோக்' என்ற நாகரிகப் பத்திரிகையின் பெயர்கூட அவ்வண்டிக்குச் சூட்டப்பட்டது. இலண்டன் செல்வர் பகுதியின் பெயரால் இத்தகைய வண்டிகளைச் செல்சீ உழவு யந்திரம் என்று ஊரார் கேலி பேசலாயினர்.

கேலி நியாயமானதே. ஆயினும் பணம் உண்டென்று காட்டுபவன் உண்மையையே காட்டுகிறான். எளிமையை விலைக்கு வாங்கி அணிந்து கொள்பவனைப் பற்றித்தான் எமக்கு ஐயம். 2016 சனவரியில் பழைய டிபென்டரின் உற்பத்தி நின்றது. அதன்பின் அதைப் புதுப்பித்து விற்பதே தனித் தொழிலாகிவிட்டது. ஆடு மேய்ப்பவர் எட்டிப் பார்க்க முடியாத விலை. அவர்களிற் பலர் எப்போதோ யப்பானிய வண்டிகளுக்கு மாறிவிட்டனர். 2021இல் இளவரசர் பிலிப்பின் பூதவுடலையும் லாண்ட் றோவர் ஒன்றே சுமந்தது. அதைத் தமது விருப்பப்படி மாற்றியமைப்பதில் அவர் பல ஆண்டுகள் ஈடுபட்டிருந்தார்.

உண்மையில் இழந்தது வேறொன்று. பழைய வண்டியைச் சாவியும் சுத்தியலும் கொண்டு வயலோரத்திலேயே திருத்தலாம். 2020 முதல் விற்பனைக்கு வந்த புதிய டிபென்டர் கணினிகளின் கூடாரம். உரியவன் கையால் தன் கருவியைத் திருத்தும் உரிமை போயிற்றே என்று எவரும் வருந்தினால், அவரோடு நாமும் சேர்ந்து வருந்துவோம். சேறு படிந்ததற்காகப் பெருமை கொள்வோரிடம் அவ்வருத்தத்தை அதிகம் காணோம்.

டார்ஜிலிங் மலையில், மானேபஞ்சாங்கிலிருந்து 3,636 மீற்றர் உயரமுள்ள சந்தக்பூவுக்குப் பழைய லாண்ட் றோவர்கள் பல பதிற்றாண்டுகளாக ஆளையும் அரிசியையும் ஏற்றிச் சென்றிருக்கின்றன. அவற்றிற் பலவற்றில் பிறந்தபோதிருந்த எஞ்சின் இல்லை. இந்திய டீசல் எஞ்சினே உறுமுகின்றது. தூய்மைவாதிகள் இதைக் கேட்டுத் துடிப்பர். சாரதிக்கோ இருட்டுமுன் மேலே போய்ச் சேரவேண்டும்.