ஆறுதல் சொல்லவும் படிக்க வேண்டுமா?

அன்பான சகோதரிகளே,

போன மாதப் பக்கத்தை வாசித்த சகோதரி ஒருவர் என்னை வழியில் மறித்துக் கேட்டார். "அக்கா, நீங்கள் மேய்ப்புப்பணியும் உளவளத்துணையும் எண்டு முதுமாணி வரைக்கும் படிச்சனீங்களாம். ஆறுதல் சொல்லுறதுக்கும் பட்டம் வேணுமோ? எங்கட அம்மம்மா ஆக்கள் பள்ளிக்கூடமே போகாமல் எத்தினை பேரைத் தேற்றினவை!"

நியாயமான கேள்வி. நானும் இதே கேள்வியோடுதான் படிக்கப் போனேன். 2009 இல் கணவரை இழந்து, முகாமில் இருந்து, திரும்பி வந்து ஓர் ஓலைக்கொட்டிலில் குடியிருந்தவள் நான். துன்பத்தைப் பற்றி எனக்கு யார் என்ன சொல்லித்தரப் போகிறார்கள் என்ற எண்ணம் உள்ளூர இருந்தது. அந்த எண்ணம் எப்படி உடைந்தது என்பதை இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் இந்தப் படிப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். குருவானவர்களும் போதகர்களும் சபைப் பணியாளர்களும் வேதாகமத்தைக் கற்றால் மட்டும் போதாது, நோயுற்றவரின் கட்டிலருகே எப்படி இருப்பது என்பதையும் கற்கவேண்டும் என்ற எண்ணத்திலிருந்து பிறந்தது இது. அன்டன் பொய்சன் என்ற அமெரிக்கப் போதகர் 1920 இல் கடும் மனநோய்க்கு ஆளாகி மனநல வைத்தியசாலையில் வைக்கப்பட்டார். குணமாகி வந்தபின் வூஸ்டர் நகர மனநல வைத்தியசாலையில் ஆன்மீகப் பணியாளரானார். 1925 ஆம் ஆண்டுக் கோடையில் சில இறையியல் மாணவர்களை அங்கு அழைத்துவந்து, நோயாளரைப் பராமரிக்கும் சிற்றூழியர்களாக வேலை செய்யவைத்தார். புத்தகத்தைப் படிப்பது போலவே உயிருள்ள மனிதரையும் கவனமாகப் படிக்கவேண்டும் என்பது அவரது கொள்கை. அன்று அவரிடம் பயின்றவர்களுள் ஹெலன் ஃபிளாண்டர்ஸ் டன்பார் என்ற பெண்ணும் ஒருவர். மனத்துயர் உடலில் எவ்வாறு நோயாக வெளிப்படுகிறது என்பதை ஆராய்ந்த முன்னோடி மருத்துவர் அவர். மனநோய் கண்ட ஒருவரே இந்தக் கல்விக்கு வித்திட்டார் என்பதை அறிந்தபோது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

இன்று அமெரிக்காவில் இப்பயிற்சியின் ஓர் அலகு 400 மணித்தியாலங்கள் கொண்டது. எங்கள் பக்கத்தில் செரம்பூர் பல்கலைப் பேரவையின் இறையியல் முதுமாணிப் படிப்பில் இது ஒரு துறையாக உள்ளது. தமிழ்நாட்டில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் வைத்தியசாலைக்குள்ளேயே பயிற்சி நடக்கிறது. எங்கள் நாட்டில் 1963 இல் தொடங்கப்பட்ட பிலிமத்தலாவை இலங்கை இறையியல் கல்லூரி, தமிழிலும் சிங்களத்திலும் இறையியல் பட்டப்படிப்பை நடத்துகிறது.

வகுப்பில் உளவியல் உண்டு, வேதாகமம் உண்டு. யோபுவின் கதையை நாங்கள் பலமுறை படித்தோம். அவரது நண்பர்கள் மூவரும் வந்து ஏழு பகலும் ஏழு இரவும் ஒன்றும் பேசாமல் தரையில் அவரோடு இருந்தார்கள். அதுவரை நல்ல நண்பர்கள்தான். வாய் திறந்து காரணம் சொல்லத் தொடங்கியபோதுதான் அவர்கள் பாரமாகிப்போனார்கள். இதைப் பரீட்சையில் நன்றாக எழுதிப் புள்ளியும் வாங்கினேன். வாழ்க்கையில் எழுதியபோதுதான் பிழைத்துவிட்டது.

2017 இல் களப்பயிற்சிக்காக வடக்கிலுள்ள ஒரு வைத்தியசாலைக்குப் போனேன். எங்கள் குழுவில் ஐந்து பேர். வழிகாட்டி அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மையார். விடுதியில் ஒருவரோடு கதைத்துவிட்டு வந்தால், அவர் சொன்னதையும் நாம் சொன்னதையும் நினைவிலிருந்து வரிக்கு வரி எழுதவேண்டும். இடையில் இருந்த மௌனத்தையும் எழுதவேண்டும். பிறகு அதைக் குழுவில் வாசித்து எல்லோருமாக ஆராய்வோம். இப்பயிற்சியின் உயிரே அந்தத் தாள்தான்.

ஒரு நாள் ஓர் அம்மாவைச் சந்தித்தேன். பிரஷர் கூடி அனுமதிக்கப்பட்டிருந்தார். நெற்றியில் திருநீறு. (அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றி, அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.) அன்று நான் எழுதிய தாள் இது:

அம்மா 1: மகனை 2009 அஞ்சாம் மாதம் என்ர கையாலதான் பதிஞ்சு குடுத்தனான். விசாரிச்சுப்போட்டு விடுவினம் எண்டவை.

நான் 1: எனக்கு விளங்குது அம்மா. நானும் என்ர அவரை இழந்தனான்.

அம்மா 2: (பேசவில்லை. போர்வையின் நூலை இழுத்துக்கொண்டிருந்தார்.)

நான் 2: மகன்ர ஆத்துமா கடவுளிட்டை இளைப்பாறும் அம்மா. ஒரு சின்ன ஜெபம் செய்யட்டோ?

அம்மா 3: அவன் செத்துப்போனான் எண்டு உமக்கு ஆர் பிள்ளை சொன்னது?

அதற்குப் பிறகு அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

குழுவில் இதை வாசித்தபோது யாராவது எனக்குச் சார்பாகப் பேசுவார்கள் என்று எதிர்பார்த்தேன். வழிகாட்டி தாளை வாங்கி அமைதியாகப் பார்த்தார். "இந்தத் தாளிலை அந்த அம்மா எங்கை இருக்கிறா? நான் உம்மை மட்டும்தான் காணுறன்" என்றார். பிறகு கேட்டார்: "அந்த ஜெபம் ஆருக்குத் தேவைப்பட்டது?"

எனக்குக் கோபம் வந்தது. அன்றிரவு நித்திரை வரவில்லை. விடியப்புறம்தான் உண்மை பிடிபட்டது. என் கணவர் செல் விழுந்து என் கண்முன்னே இறந்தார். பங்கருக்குப் பக்கத்தில் நானும் அயலவர் ஒருவருமாக மண்வெட்டி, உடலைப் போட்டு மூடினோம். அது கொடுமைதான். ஆனால் எனக்கு ஒரு குழியாவது இருந்தது. அந்த அம்மாவுக்கு அதுவும் இல்லை. முடிவில்லாத அவரது காத்திருப்பைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. அதனால் என் குழிக்குள் அவருடைய பிள்ளையையும் போட்டு மூடப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு நாள் கழித்துத் திரும்பிப் போனேன். "அம்மா, அண்டைக்கு நான் சொன்னது பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன். பதில் இல்லை. கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். நேரம் போயிற்று. எழும்பிப் போகவேண்டும் போலவும், ஏதாவது சொல்லவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டேன். கடைசியில் அவர் சொன்னார்: "அவன் இருக்கிறான் எண்டும் சொல்லாதையும். இல்லை எண்டும் சொல்லாதையும். இருந்து கேளும்."

அன்று ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கதைத்தார். மகன் சைக்கிள் திருத்துவதில் கெட்டிக்காரன் என்றார். அவன் வந்தால் முடிப்பதாக வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்திருப்பதைச் சொன்னார். பிறகுதான் பிரஷருக்கு உண்மையான காரணம் வந்தது. மருமகள், பிள்ளைகளின் அலுவல்களுக்காக மரணச் சான்றிதழ் எடுக்கக் கேட்டிருக்கிறார். அன்றிலிருந்து மாமியும் மருமகளும் ஒரே வீட்டில் இருந்தும் முகம் பார்ப்பதில்லை.

போலீன் பொஸ் என்ற அமெரிக்க அறிஞர் இத்தகைய துயரை ஆராய்ந்து 1999 இல் ஒரு நூல் எழுதினார். இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத இழப்பு தனி வகையானது என்பது அவரது கருத்து. இதில் துயரம் ஓரிடத்தில் போய் நிற்பதில்லை. ஒரே குடும்பத்தில் ஒருவர் இன்னும் பார்த்திருப்பார், மற்றவர் முடிந்தது என்று நினைப்பார், அதனால் வீடே பிளவுபடும். இது அவர்களுடைய மனப் பலவீனம் அல்ல, அந்த இழப்பின் தன்மையே அப்படி என்கிறார். 'அவர் இல்லாமலிருக்கலாம், வரவும் கூடும்' என்ற இரண்டையும் ஒன்றாகச் சுமக்கப் பழகலாம், ஒன்றைத் தெரிவுசெய்யும்படி யாரையும் நெருக்கக்கூடாது என்பதே அவரது வழி.

அந்த அம்மாவின் சம்மதத்தோடு மருமகளையும் சந்தித்தேன். 2016 இல் நிறைவேறிய சட்டத்தின்படி காணாமற்போனவருக்கு மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, அவர் காணக்கிடைக்கவில்லை என்ற சான்றிதழைப் பெறும் வழி உண்டு என்பது இருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. பிரதேச செயலகத்தில் விசாரிக்க இருவரும் சேர்ந்தே போனார்கள். பிரச்சினை எல்லாம் தீர்ந்தது என்று சொல்லமாட்டேன். மகன் வரவில்லை. அம்மா இன்னும் குளிசை போடுகிறார். ஆனால் இருவரும் ஒரே பானையில் சமைக்கிறார்கள்.

சகோதரிகளே, இந்தப் பயிற்சி பெற்றவர் என்று உங்களிடம் யாராவது வந்தால் சிலவற்றை எதிர்பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு:

1. அவர் உங்களுடைய சமயத்தை மாற்ற வரக்கூடாது. உங்கள் கோயிலும் உங்கள் நேர்த்தியும் உங்களுடைய பலம். அந்தப் பலத்தைக் கண்டுபிடிக்க உதவுவதே அவரது வேலை. நிவாரணத்தையும் ஜெபத்தையும் ஒன்றாக முடிச்சுப் போடுபவர் இந்தக் கல்வியின் முதற்பாடத்தையே மறந்தவர்.

2. நீங்கள் கேட்காமல் ஜெபிக்கக்கூடாது. வேண்டாம் என்று சொன்னால் மனம் நோகக்கூடாது.

3. நீங்கள் சொன்னதை வெளியில் சொல்லக்கூடாது. உயிருக்கு ஆபத்து இருந்தால் மட்டுமே விதிவிலக்கு. அதையும் முன்கூட்டியே உங்களுக்குச் சொல்லவேண்டும்.

4. தன் எல்லையை அவர் அறிந்திருக்கவேண்டும். நித்திரையின்மை நீண்டால், சாப்பாடு இறங்காவிட்டால், உயிரை விட்டுவிடலாம் என்ற நினைவு வந்தால், வைத்தியரிடம் அனுப்பவேண்டும். தேசிய மனநல உதவிச் சேவையின் 1926 என்ற இலக்கத்துக்கு நீங்களே அழைத்துக் கதைக்கலாம். ஜெபமும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகை அல்ல.

இனி அந்தச் சகோதரியின் கேள்விக்கு வருகிறேன். அம்மம்மாமாருக்குத் தெரிந்திருந்தது உண்மைதான். செத்தவீட்டில் அவர்கள் விளக்கம் சொல்லவில்லை. கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள், எட்டுவரை வந்து இருந்தார்கள், அடுப்பெரியாத வீட்டுக்குச் சோறு கொண்டுவந்தார்கள். வேதாகமத்தின் சங்கீதங்களிலும் பல, கடவுளிடமே முறையிடும் புலம்பல்கள்தான். நான் பல வருடம் செலவழித்துப் படித்ததில் பாதி, அம்மம்மா முற்றத்தில் செய்ததுதான்.

ஆனால் காணாமற்போன பிள்ளைக்கு ஒப்பாரி வைக்க முடியாது. எட்டுச் செய்ய முடியாது. அம்மம்மாவின் கையில் அதற்கு முறை இருக்கவில்லை, ஏனென்றால் இப்படியொரு காலத்தை அவர் கண்டதில்லை. அந்த இடத்தில்தான் நாங்கள் புதிதாகக் கற்கவேண்டியிருக்கிறது. நான் படித்தது கல்லூரியில் கொஞ்சம், போர்வையின் நூலை இழுத்துக்கொண்டிருந்த அந்த அம்மாவிடம் மிச்சம்.

உங்கள் அயலில் இப்படிக் காத்திருக்கும் ஒருவர் இருந்தால் இந்த மாதம் ஒருமுறை போய்ப் பாருங்கள். அவருடைய பிள்ளையின் பெயரைச் சொல்லி, "அவரைப் பற்றிச் சொல்லுங்கோ" என்று மட்டும் கேளுங்கள். பிறகு இருந்து கேளுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.

அன்புடன்,
உங்கள் சகோதரி