ஊசி ஏந்திய கை மட்டுமா குற்றவாளி?

அச்சம் இருந்தால்தான் வேலை ஒழுங்காக நடக்கும் என்று கூறுவோர் உளர். மில்லில் மேஸ்திரியும் தோட்டத்தில் கங்காணியும் கூறிய அதே வாதந்தான். இன்று வெள்ளுடை தரித்து மருத்துவமனைக்குள் புகுந்திருக்கிறது. தவறினால் சிறை என்ற பயம் செவிலியருக்கு இருப்பது நோயாளிக்கு நல்லதாம்! நல்லதா? அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் நடந்ததைக் கேளுங்கள் தோழர்களே!

2017 டிசம்பர் 26. நாஷ்வில் நகரத்து வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவ மையம். ஸ்கேன் எடுக்க வந்த 75 வயது மூதாட்டிக்குக் குறுகிய கருவிக்குள் படுக்கப் பயம். மனத்தை அமைதிப்படுத்த 'வெர்செட்' என்ற மருந்து எழுதப்பட்டது. செவிலியர் ரடாண்டா வாட், கணினி பொருத்திய மருந்துப் பெட்டகத்தில் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளைத் தட்டினார். மருந்து தென்படவில்லை. பெட்டகத்தின் கட்டுப்பாட்டை விலக்கிவிட்டுத் தேடினார். அதே இரண்டு எழுத்துகளில் தொடங்கும் 'வெக்குரோனியம்' வெளிவந்தது. தசைகளை முடக்கி மூச்சை நிறுத்தும் மருந்து அது! மூதாட்டி மறுநாள் மாண்டார்.

செவிலியர் தவறே செய்யவில்லை என்று வாதாட நாம் வரவில்லை. குப்பியின் மூடியிலே எச்சரிக்கை இருந்தது. கேட்ட மருந்து நீர்மம், எடுத்ததோ பொடி. அதைக் கரைக்கும்போதேனும் ஐயம் எழுந்திருக்க வேண்டும். எழவில்லை. ஆனால், தம் தவறு தெரிந்ததும் அவரே ஒப்புக்கொண்டார். ஒளிக்கவில்லை, ஓடவில்லை.

ஒளித்தவர் யார்? மருந்து மாறிய செய்தி மரண விசாரணை அதிகாரிக்குச் சொல்லப்படவில்லை. இயற்கை மரணம் என்றே பதிவாயிற்று. மாநில அதிகாரிகளுக்கு அனுப்பியாக வேண்டிய அறிக்கையை நிர்வாகம் அனுப்பவில்லை. செவிலியரை வேலையைவிட்டு நீக்கியது. குடும்பத்தாருடன் நீதிமன்றத்துக்கு வெளியே உடன்பாடு செய்துகொண்டது. 2018இல் பெயர் கூறாத ஒருவர் அனுப்பிய புகாராலன்றோ உண்மை வெளிவந்தது! 2019இல் செவிலியர் கைது. 2021இல் உரிமம் பறிப்பு. 2022 மார்ச்சில் குற்றவாளி எனத் தீர்ப்பு. நிர்வாகத்தின் மீது குற்ற வழக்கு? ஒன்றுகூட இல்லை! ஒப்புக்கொண்டவருக்குக் கூண்டு, மறைத்தவருக்கு மாளிகை!

இரவுப் பணி முடித்து வீடு திரும்பும் செவிலியரைக் கேட்டுப் பாருங்கள். "சொட்டின் வேகத்தைச் சரியாக வைத்தேனா? இரண்டு படுக்கைகளுக்கும் மருந்து மாறிவிட்டதோ?" என்ற கவலை உறக்கத்திலும் விடாது. அந்தக் கவலை நோயாளியைக் காக்கும். அவரைத் திரும்பிப் பார்க்க வைக்கும். சிறையச்சமோ வாயைக் கட்டும். இன்று ஒருவர் மறைத்த தவறிலே நாளை இன்னொருவர் விழுவார். அமெரிக்க மருத்துவக் கழகம் 1999இலேயே கணக்கிட்டது: மருத்துவமனைத் தவறுகளால் ஆண்டுக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை இறக்கிறார்கள் என்று. கெட்ட மனிதர்களைவிடக் கெட்ட ஏற்பாடுகளே காரணம் என்பதும் அவர்கள் கண்ட முடிவு. அதைக் கேட்டும் கேளாதவர்போல் இருந்துவிட்டு, ஒற்றைப் பெண்ணைக் கூண்டிலேற்றினார்கள்.

2022 மே 13 அன்று தண்டனை அறிவிக்கப்பட்டபோது, நீதிமன்றத்துக்கு வெளியே செவிலியர் கூட்டம் திரண்டு நின்றது. சிறையில்லை, மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு என்றதும் ஆரவாரம் எழுந்தது. ஈராண்டு கழித்து, 2024 மார்ச்சில், அண்டை மாநிலமான கென்டக்கி சட்டமே இயற்றியது: கடும் அலட்சியமோ தீய நோக்கமோ இல்லாத மருத்துவத் தவறுக்குக் குற்ற வழக்கு கிடையாது என்று.