ஆயிரம் யூனிட்டும் பன்னிரண்டு மணி நேரமும்

ஆற்றல் மலிந்துவிட்டால் மனிதன் வயிற்றுப்பாட்டிலிருந்து விடுபட்டுக் கலையில் தோய்ந்துவிடுவான் என்னும் நம்பிக்கை இலக்கிய நண்பர்களிடையே மீண்டும் தலைதூக்கியிருக்கிறது. சூரிய மின்சாரம், அணுப்பிணைவு என்று பெயர்கள்தாம் புதியவை. நூறாண்டுக் காலத்தில் வாரத்துக்குப் பதினைந்து மணி நேர உழைப்பே போதுமானதாகிவிடும் என்று பொருளியல் அறிஞர் கெயின்ஸ் 1930இலேயே எழுதிவிட்டார். கிடைத்த ஓய்வை எவ்வாறு கழிப்பது என்பதே அப்போது மனிதனின் பெருஞ்சிக்கலாக இருக்குமாம். அவருடைய இங்கிலாந்தின் கதை எப்படியோ, சேலம் நாமக்கல் பக்கம் இந்தப் பரிசோதனை சிறிய அளவில் நடந்து முடிந்திருக்கிறது. அதன் முடிவைச் சொல்லும் உரிமை நமக்கு உண்டு.

1934இல் மேட்டூர் அணை எழுந்தது; அடுத்த சில ஆண்டுகளில் நீர்மின்சாரம் வந்தது; 1980களின் இறுதியில் 840 மெகாவாட் அனல் மின்நிலையமும் வந்து சேர்ந்தது. அந்த மின்சாரத்துக்காக இம்மண்ணில் குருதி சிந்தப்பட்டதை நாம் மறந்துவிடலாகாது. யூனிட்டுக்கு ஒரு பைசா குறைக்கக் கோரிய போராட்டத்தில் 1970இல் பெருமாநல்லூரிலும், மீண்டும் 1972இல் பெத்தநாயக்கன்பாளையத்திலும் துப்பாக்கிச்சூட்டுக்கு உழவர்கள் பலியாயினர். பின்னர் 1984இல் சிறு விவசாயிகளுக்கும், 1990 வாக்கில் அனைத்து விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமாயிற்று. விசைத்தறிக்கு இரு மாதங்களுக்கு 500 யூனிட் என்று 2006இல் தொடங்கிய இலவசம், 2016இல் 750 ஆகி, 2023இல் 1000 ஆயிற்று.

இவ்வளவும் கிடைத்த பின் நேர்ந்தது என்ன? உழவர் கவலை ஓட்டுவதிலிருந்து விடுபட்டார். அது பெரும் விடுதலைதான், மறுக்கவில்லை. ஆனால் சில பத்தடி ஆழத்துக் கிணறு வற்றி, ஆயிரம் அடி தாண்டியும் துளையிட வேண்டியதாயிற்று. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுவதும் பூமியைத் துளைக்கின்றன. அந்த எந்திரங்களைப் பழுதுபார்க்கும், மாற்றியமைக்கும் கைகளின் சாமர்த்தியத்தைக் கண்டவர்கள், இம்மக்களுக்குப் படைப்பாற்றல் இல்லை என்று சொல்லத் துணியமாட்டார்கள். அத்தனை அறிவும் இன்னும் நூறடி கீழே போவதற்கே செலவாகிறது.

குமாரபாளையம், பள்ளிப்பாளையம் தறிப்பட்டறைகளின் கதை இன்னும் தெளிவானது. அங்கே பன்னிரண்டு மணி நேர ஷிப்டு வெகுகாலப் பழக்கம். பகல் ஒன்று, இரவு ஒன்று. கைத்தறியில் நாடாவை வீசிய தோளுக்கு ஓய்வு கிடைத்தது உண்மை. ஆனால் அந்தத் தோளுக்கு உரியவர் வீட்டுக்குப் போகவில்லை. ஒரு தறிக்கு மாறாகப் பல தறிகளைப் பார்க்கும்படி நிறுத்தப்பட்டார். மின்சாரம் மிச்சப்படுத்திய நேரம் துணியாகிச் சந்தைக்குப் போய்விட்டது. முதலாளியிடம் வாங்கிய முன்பணம் அவரைப் பட்டறையோடு கட்டிப்போட்டது. கடன்பட்ட விசைத்தறித் தொழிலாளர்கள் சிறுநீரகத்தை விற்ற செய்திகள் 2025இல் பள்ளிப்பாளையத்திலிருந்து வெளிவந்து, விசாரணை வரை போனதை நாளிதழ்களில் படித்தோம். மலிந்த மின்சாரத்தின் நிழலில் நடந்த வாணிபம் அது.

கைத்தறிக் காலத்தைப் பொற்காலமாகப் பாடுவோரோடும் எமக்கு உடன்பாடில்லை. குழிக்குள் காலைத் தொங்கவிட்டு நெய்தவரும், பள்ளிக்குப் போகாமல் தார் சுற்றிய அவர் பிள்ளைகளும் பசியோடுதான் இருந்தார்கள். அதைக் கவிதையாக்கியவர்கள் பெரும்பாலும் நெய்யாதவர்கள்.

அப்படியானால் மின்சாரம் இல்லாதபோதாவது ஓய்வு வாய்த்ததா? 2012இல் சென்னைக்கு வெளியே நாளில் பாதிக்கு மேல் மின்வெட்டு இருந்தது. பட்டறை வாசல்களில் வேப்பமர நிழலில் தொழிலாளர்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஓடாத தறிக்குக் கூலி இல்லை. மீட்டருக்கு அளந்து தரும் கூலியில் ஓய்வு என்பது பட்டினிக்கு இன்னொரு பெயர். மின்சாரம் நள்ளிரவில் வந்தாலும் எழுந்து ஓடினார்கள்.

எம் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். முதலாண்டில் ஒரு நோட்டு நிறையக் கதை எழுதி வந்து காட்டினான். நாலைந்து கதைகள் உண்மையிலேயே நன்றாயிருந்தன. அடுத்த ஆண்டு இரவு ஷிப்டில் சேர்ந்தான். காலையில் யாப்பிலக்கணம் நடத்துகையில் கடைசி பெஞ்சில் தூங்குவான். எழுப்ப மனம் வராது. ஏன் எழுதுவதை விட்டுவிட்டாய் என்று ஒருநாள் கேட்டோம். “தறி ஓட்டறப்ப நெனப்பு வேற பக்கம் போனா இழை அறுந்தது தெரியாதுங்க ஐயா. டேமேஜ்னு கூலியில புடிச்சுக்குவாங்க” என்றான். ஆற்றல் வளத்தைப் பற்றிய கட்டுரைகளைப் படிக்கும்போதெல்லாம் அவன் முகமே நினைவுக்கு வருகிறது. இதை எழுதும் எமக்கும், படிக்கும் உங்களில் பலருக்கும் இரவு ஒன்பது மணிக்கு மேல் கதை பேச வாய்ப்பது மின்சாரத்தால் அன்று. மாதச் சம்பளத்தாலும் விடுமுறைப் பட்டியலாலும்தான். இதை ஒத்துக்கொள்ள நாம் கூசுகிறோம்.

2023ஐச் சற்று நினைவுகூருங்கள். விசைத்தறிக்கு 1000 யூனிட் இலவசமான அதே ஆண்டு ஏப்ரலில், தொழிற்சாலைகளில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு இடமளிக்கும் சட்டத்திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன, மே நாளன்று அது திரும்பப் பெறப்படுவதாக அறிவிப்பு வந்தது. நாமும் மகிழ்ந்தோம். குமாரபாளையத்தில் மட்டும் எதுவும் மாறவில்லை, அங்கே அந்தச் சட்டம் தேவைப்பட்டதே இல்லை என்பதால்.

ஆகவே, மலிவான மின்சாரம் மனிதனுக்கு நோக்கத்தைத் தருமா, கலையைத் தருமா என்று வியந்துகொண்டிருக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். கேள்வியை இடம் மாற்றிக் கேளுங்கள். இலவச மின்சாரம் பெறும் பட்டறையில் ஏன் எட்டு மணி நேர ஷிப்டு இல்லை, நேரம் குறைந்தாலும் கூலி குறையாதிருக்க என்ன வழி, முன்பணக் கட்டை யார் அவிழ்ப்பது என்று கேளுங்கள். 1000 யூனிட்டுக்கு ஆணை போடத் தெரிந்த அரசுக்கு, அத்துடன் வேலை நேரத்தையும் ஒரு நிபந்தனையாகச் சேர்க்கத் தெரியாதா? அந்த மாணவனின் நோட்டு இன்னும் எம்மிடம்தான் இருக்கிறது.