கணினிவழித் தமிழாய்வில் மென்பொருள் சார்புகளைப் பதிவுசெய்தலின் இன்றியமையாமை

ஆய்வுச்சுருக்கம்

கணினி நிரலைக் கொண்டு பெறப்படும் ஆய்வு முடிவு, அந்நிரல் சார்ந்து நிற்கும் பிற மென்பொருள்களின் பதிப்புகளைப் பொறுத்து மாறக்கூடியது. ஆகவே, சார்புப் பட்டியல் இணைக்கப்படாத கணினிவழி ஆய்வைத் தமிழ் ஆய்விதழ்கள் ஏற்றல் கூடாது என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: மென்பொருள் சார்பு, பதிப்பு, எழுத்தெண்ணிக்கை, சொற்பயில்வு, மீளாய்வு

முன்னுரை

சொல்லடைவு உருவாக்கம், சொற்பயில்வு எண்ணிக்கை, உருபனியல் பகுப்பு, ஆசிரியரைத் துணியும் நடையியல் ஆய்வு எனத் தமிழாய்வின் பல பிரிவுகளில் இன்று கணினி நிரல்கள் பயன்படுகின்றன. இத்தகைய கட்டுரைகள் தரவு எங்கிருந்து பெறப்பட்டது என்பதைக் குறிப்பிடுகின்றன. நிரல்மொழியின் எப்பதிப்பில், எந்தெந்தத் துணைத்தொகுதிகளைக் கொண்டு அத்தரவு எண்ணப்பட்டது என்பதையோ பல கட்டுரைகள் குறிப்பிடுவதில்லை. ‘பைதான் மொழியில் நிரல் எழுதப்பட்டது’ என்னும் ஒரு தொடரோடு அச்செய்தி முடிந்துவிடுகிறது. இக்குறை தொழில்நுட்பத்தாரின் கவலை மட்டுமன்று. முடிவின் நம்பகத்தன்மையைத் தொடுவதாதலின் தமிழாய்வாளரின் கவலையும் ஆகும்.

நேர்ச்சார்பும் வழிச்சார்பும்

சார்பு என்னும் கருத்து நம் இலக்கண மரபுக்குப் புதியதன்று. தொல்காப்பியம் சார்பெழுத்துகளை மூன்றாகவும் நன்னூல் பத்தாகவும் கொள்கின்றன. நூல்களை முதல், வழி, சார்பு எனவும் நன்னூல் வகுக்கிறது. மென்பொருளிலும் முற்றிலும் தனித்து நிற்பது அரிது. நிரலாளர், பிறர் எழுதி வெளியிட்ட தொகுதிகளை எடுத்தாண்டு, அவற்றின்மேல் தம் நிரலைக் கட்டுகிறார். எடுத்துக்காட்டாக, வகைப்படுத்தும் ஆய்வுகளில் பெரிதும் பயன்படும் ‘சைக்கிட்-லேர்ன்’ என்னும் தொகுதி, ‘நம்பை’, ‘சைபை’ முதலிய தொகுதிகளைச் சார்ந்துள்ளது. ஆய்வாளர் தாமே தேர்ந்துகொண்ட தொகுதியை நேர்ச்சார்பு எனலாம். அதன் வழியாக, பெரும்பாலும் அவர் அறியாமலே வந்து சேர்வனவற்றை வழிச்சார்பு எனலாம்.

ஒரே கணினியில் இரண்டு ஆய்வுத் திட்டங்கள் நடைபெறும்போது சிக்கல் வெளிப்படும். ஒன்று ஒரு தொகுதியின் பழைய பதிப்பையும் மற்றொன்று அதே தொகுதியின் புதிய பதிப்பையும் வேண்டும். இரண்டாவதன் பொருட்டுப் புதுப்பித்தால் முதலாவது இயங்காது போகலாம். இயங்காது போவது சிறு தீங்கே, ஏனெனில் அது கண்ணுக்குத் தெரியும். பிழைச்செய்தி எதுவுமின்றி இயங்கி வேறு முடிவைத் தருவதே பெருந்தீங்கு.

ஒரு சொல், மூன்று எண்கள்

‘தமிழ்’ என்னும் சொல்லின் எழுத்துகள் மூன்று என்பதில் ஐயமில்லை. பைதான் மூன்றாம் பதிப்பில் இச்சொல்லின் நீளத்தைக் கேட்டால் ஐந்து என்னும் விடை வரும். உயிர்மெய்யின் இகரக் குறியையும் மெய்யின் புள்ளியையும் யூனிகோடு தனித்தனிக் குறியீடுகளாகக் கொண்டிருப்பதே இதற்குக் காரணம். இரண்டாம் பதிப்பில் இச்சொல்லை யூடிஎஃப்-8 குறியேற்றத்தில் சாதாரணச் சரமாக எழுதி நீளம் கேட்டால் பதினைந்து என வரும். அங்கு எண்ணப்படுவன பைட்டுகள். எழுத்துகளை இலக்கண முறைப்படி எண்ணுதற்கு ‘ஓபன்-தமிழ்’ போன்ற தனித்தொகுதி வேண்டும். ஆகவே, யாப்பாய்விலோ சொல்நீள ஆய்விலோ ‘சராசரி எழுத்தெண்ணிக்கை’ எனத் தரப்படும் எண், எக்கருவியால் எண்ணப்பட்டது என்று கூறப்படாதவரை பொருளற்றது.

சொற்களைப் பிரிப்பதில் விளைவு இன்னும் கடுமையானது. பைதானுடன் இயல்பாக வரும் ‘ஆர்ஈ’ என்னும் தேடல் தொகுதி, உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் சொல்லுக்குரிய எழுத்துகளாகக் கொள்வதில்லை. சைக்கிட்-லேர்னின் சொல்லெண்ணிக் கருவி, பயனர் மாற்றியமைத்தாலன்றி இத்தொகுதியின் வழியே சொற்களைப் பிரிக்கிறது. ஒற்றைக் குறியாக எஞ்சும் துண்டுகளை விட்டும்விடுகிறது. அதனிடம் ‘தமிழ்’ என்னும் சொல்லைத் தந்தால் ‘தம’ என்பதே எஞ்சும். ‘ரெஜெக்ஸ்’ என்னும் மாற்றுத் தொகுதியோ யூனிகோடு வரையறையைப் பின்பற்றிச் சொல்லை முழுமையாகக் கொள்ளும். இவ்விரு வழிகளில் உருவாகும் சொற்பயில்வு அட்டவணைகள் ஒன்றோடொன்று ஒப்பிடத்தக்கன அல்ல. கட்டுரையின் அச்சுப் பக்கத்தைப் பார்க்கும் மதிப்பீட்டாளர் இவ்வேறுபாட்டை அறிய வழியில்லை.

பதிப்பு மாற்றத்தின் விளைவு

நிரலில் ஓர் எழுத்தும் மாறாதிருக்க, முடிவு மாறுவதும் உண்டு. ஆசிரியரைத் துணியும் ஆய்வுகளில் ‘ரேண்டம் ஃபாரஸ்ட்’ என்னும் வகைப்படுத்து முறை பயன்படுகிறது. பல முடிவு மரங்களை வளர்த்து அவற்றின் பெரும்பான்மைக் கருத்தை ஏற்பது அம்முறை. மரங்களின் எண்ணிக்கையைப் பயனர் குறிப்பிடாதபோது சைக்கிட்-லேர்ன் முன்பு 10 எனக் கொண்டது. 2019இல் வெளிவந்த 0.22 பதிப்பிலிருந்து 100 எனக் கொள்கிறது. எண்ணிக்கையைக் குறிப்பிடாமல் எழுதிய நிரலை முந்தைய பதிப்பில் இயக்கியவரும் பிந்தைய பதிப்பில் இயக்கியவரும் தாம் அறியாமலே இருவேறு ஆய்வுகளைச் செய்தவராவர். ஒரு பாடலை இன்ன புலவர்க்கு உரியது எனத் துணியும் ஆய்வில் இவ்வேறுபாட்டைச் சிறியது எனத் தள்ளுதல் இயலாது.

வழிச்சார்புகள் மறைந்தே போவதும் உண்டு. 2016 மார்ச்சில் ‘லெஃப்ட்-பேட்’ என்னும் ஜாவாஸ்கிரிப்ட் தொகுதியை அதன் ஆசிரியர் ஒரு பெயர்ப் பூசலின் விளைவாக ‘என்பிஎம்’ களஞ்சியத்திலிருந்து நீக்கினார். பதினொரு வரிகளே கொண்ட அத்தொகுதி இல்லாமற்போனதால், அதை நேரிலும் வழியிலும் சார்ந்திருந்த எண்ணற்ற திட்டங்களின் கட்டமைப்பு நின்றது. களஞ்சியத்தார் சில மணிநேரத்தில் அதை மீட்டனர். வணிக நிறுவனங்கள் சார்ந்திருந்த தொகுதியாதலின் உடனே மீட்கப்பட்டது. ஒரு தமிழ் ஆய்வு மாணவர் எழுதிய சொற்பகுப்பித் தொகுதி மறைந்தால் அத்தகைய விரைவை எதிர்பார்ப்பதற்கில்லை. பைதான் இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் நாளோடு முடிவுற்றது. அப்பதிப்பில் எழுதப்பட்டுச் சார்பு விவரம் பதியப்படாத ஆய்வேடுகளின் எண்களை இன்று சரிபார்த்தல் மிக அரிது.

சுவடி விவரமும் சார்புப் பட்டியலும்

இவ்விடத்தில் நம் துறை தொழில்நுட்பத்தாரிடமிருந்து கற்பதைவிடத் தன் மரபிலிருந்தே கற்கலாம். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், தம் பதிப்புகளில் சுவடி உதவியோர் பெயர்களையும் பாடவேறுபாடுகளையும் பதிந்துள்ளார். அதனாலேயே பின்வந்தோர் அவர் கொண்ட பாடத்தை மறுபரிசீலனை செய்ய முடிந்தது. கணினிவழி ஆய்வுக்குச் சார்புப் பட்டியல் அத்தகைய சுவடி விவரமே ஆகும்.

இதன் அடிப்படையில் மூன்று நெறிகள் முன்மொழியப்படுகின்றன. முதலாவது, ஒவ்வோர் ஆய்வுத் திட்டத்துக்கும் தனித்த மெய்நிகர்ச் சூழலை அமைத்தல். பைதானில் இவ்வசதி 2012இல் வெளிவந்த 3.3 பதிப்பு முதலே உள்ளது. ஒரு திட்டத்தின் புதுப்பிப்பு மற்றொன்றைத் தீண்டாது. இரண்டாவது, நேர்ச்சார்பு, வழிச்சார்பு அனைத்தையும் துல்லியமான பதிப்பெண்களோடு ஒரு கோப்பில் பதிந்து கட்டுரையுடன் ஒப்படைத்தல். மூன்றாவது, நிரலையும் அக்கோப்பையும் நிலையான காப்பகத்தில் வைத்தல். செர்ன் நிறுவனம் நடத்தும் ‘செனோடோ’ நிலைத்த அடையாள எண்ணோடு அவற்றைக் காக்கிறது. மூலநிரல்களைத் திரட்டிக் காக்கவே 2016இல் அறிமுகமான ‘சாஃப்ட்வேர் ஹெரிடேஜ்’ என்னும் காப்பகமும் உள்ளது.

எதிர்வாதங்கள்

நிரல் எழுதப் பயிலாத தமிழாய்வாளர்மீது இது சுமையாகும் எனலாம். பைதானின் ‘பிப்’ கருவி இப்பட்டியலை ஒரே கட்டளையில் தருகிறது. நிரலாளரின் துணையோடு ஆய்வு செய்பவர், முடிவைப் பெறும்போதே பட்டியலையும் கேட்டுப் பெறுதல் போதும். புதிய பதிப்பில் பிழைகள் நீங்கியிருக்கப் பழையதைப் பற்றி நிற்பது ஏன் எனவும் வினவலாம். பழையதைப் பற்றி நிற்குமாறு இங்குக் கூறப்படவில்லை. பழைய சூழலில் முடிவைச் சரிபார்த்து, புதிய சூழலில் மீண்டும் இயக்கி, வேறுபாட்டைப் பாடவேறுபாடு போலக் குறிக்க வேண்டும் என்பதே கருத்து. பட்டியல் இருப்பதனால் மட்டும் ஆய்வு சரியாகிவிடாது என்பதும் உண்மை. ‘தமிழ்’ என்பதைத் ‘தம’ எனக் கொண்ட ஆய்வு, பட்டியலோடு வந்தாலும் பிழையே. ஆயினும், பட்டியல் இருந்தால் அப்பிழையைப் பிறர் கண்டறியலாம். இல்லையேல் அது மேற்கோள்கள் வழியே உண்மைபோல நிலைத்துவிடும்.

முடிவுரை

சார்புகளைப் பதிதலை ஆய்வாளரின் விருப்பத்துக்கு விடாமல் ஏற்பு நிபந்தனையாக்குதல் தமிழ் ஆய்விதழ்களின் கடமை. முதற்படியாக, கணினிவழிக் கட்டுரைகளைப் பெறும்போதே சார்புக் கோப்பையும் பெறுதல் வேண்டும். பல்கலைக்கழகங்கள் ஆய்வேடுகளுக்கும் இதனை விதித்தல் வேண்டும். ஓர் ஆய்வு முடிவை மறுக்கவும் ஏற்கவும் பின்வருவோர்க்கு உள்ள உரிமை இதனைப் பொறுத்தே அமைகிறது.