பாலை வீண்நிலம் அன்று

பாலையை ஒன்றுக்கும் உதவாத நிலம் என்று எண்ணிப் பலர் அங்கே குப்பை கொட்டுகின்றனர். இவ்வெண்ணம் தவறானது. பழுப்புக்கழுத்து அண்டங்காக்கையின் வாழ்வே அதற்குச் சான்றாகும்.

சகாரா முதல் அரேபியா வழியாக நடு ஆசியா வரை இப்பறவை பரவியுள்ளது. உடல் கரியது, தலையும் கழுத்தும் பழுப்பு நிறம் உடையவை. பாறை இடுக்கிலும் தனிமரத்திலும் சுள்ளிகளால் கூடு கட்டும். வெட்டுக்கிளி, பல்லி, தானியம், பேரீச்சம்பழம், இறந்த விலங்கின் இறைச்சி எனக் கிடைத்ததை உண்ணும். அரவா பள்ளத்தாக்கில் இரு காக்கைகள் முள்வால் பல்லியின் வளைவாயிலை அடைத்து நிற்க, மற்றவை அதனைத் தாக்கியதை ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். அரிதாய்க் கிடைக்கும் இரையைக் கூடி உழைத்துப் பெறும் வாழ்வு இது.

‘குப்பையால் பறவைக்கு உணவு கிடைப்பது நன்றுதானே?’ என்பர் சிலர். அது நன்மையன்று. எளிதில் உணவு கிடைத்தால் அண்டங்காக்கைகள் அளவின்றிப் பெருகும். பிற உயிர்களின் முட்டைகளுக்கும் குஞ்சுகளுக்கும் கேடு சூழும். அமெரிக்காவின் மொகாவி பாலையில் வேறோர் அண்டங்காக்கை இனம் மனிதர் தரும் உணவாலும் நீராலும் பெருகியது. பாலை ஆமையின் மென்மையான ஓட்டையுடைய குஞ்சுகளை அது கொத்தித் தின்கிறது. ஆமையினமோ அருகி வருகிறது.

இதற்காகக் காக்கையைப் பழிப்பது முறையாகாது. பாலையில் குப்பை கொட்டுவதைத் தடுத்தலும், பயணிகள் தம் உணவுக்கழிவைத் தம்முடன் எடுத்துச் செல்லுதலுமே தக்க வழிகள். நம் தார் பாலைக்குச் செல்வோரும் இதனைக் கடைப்பிடித்தல் வேண்டும்.